ஹாஜியம்மாவுக்குப் பதினாறு மூளை

"எழுபத்தாறு நாள்!" என்றாள் விதாத். "போன வாரம் ஆறு நாள்ல முடியும்னு சொன்ன மிஷின், இன்னிக்கு எழுபத்தாறுங்குது. இது முன்னாடி போகுதா, பின்னாடி போகுதா, பாஷ்முஹந்திஸ்?"

ஷவ்கி அப்போதுதான் அவித்த மொச்சை திணித்த ஃபூல் ரொட்டியை முதல் கடி கடித்திருந்தார். விழுங்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

எங்கள் ஊரில் இன்ஜினியர் பட்டம் வாங்கியவனுக்கு அன்றோடு சொந்தப் பெயர் போய்விடும். அதற்குப் பிறகு கல்யாணத்திலும் 'பாஷ்முஹந்திஸ்'தான், கபர்ஸ்தானிலும் 'பாஷ்முஹந்திஸ்'தான். தமியாத் கழிமுக ஆய்வு நிலையத்தில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த ஷவ்கியும் அப்படித்தான் ஆகியிருந்தார்.

நிலையத்துக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அது வரும் வழியில் ஜித்தா துறைமுகத்தில் நாற்பது நாள் மாட்டிக்கொண்டு, ஹஜ் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அதற்கு ஹாஜியம்மா என்று பெயர். ஹாஜியம்மாவுக்குப் பதினாறு மூளை. நிலையத்தில் வேலை பார்க்கும் எல்லாருடைய கணக்கையும் அந்தப் பதினாறு மூளைதான் போட்டாக வேண்டும்.

விதாத்தின் கணக்கு கொஞ்சம் பெரியது. நைல் கடலில் கலக்கிற பக்கமெல்லாம் கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. எந்த ஊர்க் கிணற்றில் எத்தனை வருடத்தில் உப்பு ஏறும் என்று முந்நூறு ஊருக்குக் கணக்குப் பார்ப்பதுதான் அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தவணை கிடையாது. பதிவு ரத்து. ஐந்து வருட உழைப்பும் உப்புத் தண்ணீரில் போய்விடும்.

ஷவ்கி ஒருவழியாக விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டாக்டர் பஹ்கத் இருநூறு வேலையை ஓட விட்டிருக்கார்."

"இருநூறா? எனக்கு நாலுதானே குடுத்தீங்க!"

"மாணவர்களுக்கு நாலுதான் விதி, மகளே."

"எவன் போட்ட விதி அது?"

"நான்தான் போட்டேன்" என்றார் ஷவ்கி, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. "எல்லாரும் நியாயமா நடந்துக்கணும்னு போட்டேன்."

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இயக்க முறைமை நல்ல நேர்மைக்காரன். ஓடுகிற வேலைகளை வரிசையாக உட்கார வைத்து, மூளையின் நேரத்தை நறுக்கித் தலைக்கு ஒரு கரண்டி பரிமாறும். யார் வீட்டு ஆள், எத்தனை பேரோடு வந்திருக்கிறார் என்றெல்லாம் கேட்காது. கடல்மட்டத் துறைத் தலைவர் பஹ்கத் இருநூறு தலையோடு பந்தியில் உட்கார்ந்துவிட்டார். விதாத் நாலு தலையோடு ஒரு ஓரத்தில் இருந்தாள். கரண்டி அவள் பக்கம் வருவதற்குள் பசி மயக்கமே வந்துவிடும்.

"கவலைப்படாதே. இதை அஞ்சு நிமிஷத்துல சரி பண்றேன்" என்றார் ஷவ்கி.

இருபது வருடத்தில் அவர் இந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் மனுஷன் நல்லவர். விதாத் அழுதுவிடுவாளோ என்ற பயத்தில் மீதி ரொட்டியை மடித்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்.

இனி தலைக்கு ஒரு கரண்டி கிடையாது. வீட்டுக்கு ஒரு கரண்டி. அதாவது, ஒரு ஆள் எத்தனை வேலையை ஓட விட்டாலும் எல்லாம் சேர்த்து அந்த ஆளுக்கு ஒரே பங்கு. பஹ்கத்தின் இருநூறும் ஒரு பங்கு, விதாத்தின் நாலும் ஒரு பங்கு.

மாலைக்குள் திரையில் எட்டு நாள் என்று வந்துவிட்டது. விதாத் அவருக்கு ஒரு டப்பா மஷப்பக் வாங்கிக்கொண்டு வந்தாள். பாகு சொட்டச் சொட்ட இரண்டு பேரும் தின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மறுபடியும் வந்து நின்றாள். இந்தத் தடவை சத்தமே போடவில்லை.

"அம்பத்து நாலு."

"இருக்கவே இருக்காது."

இருந்தது. திங்கட்கிழமை பஹ்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. முப்பத்தொரு பேருக்குப் புதிதாக அக்கவுண்ட் வேண்டும் என்று. கீழே கழுகு முத்திரை. அரசாங்கக் கழுகு முத்திரை இருந்தால் மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் நாட்டு அலுவலக மரபு. ஷவ்கியும் படிக்காமலே முப்பத்தொன்றையும் திறந்து கொடுத்திருந்தார். இப்போது உட்கார்ந்து படித்தார். பஹ்கத்தின் உதவியாளர்கள் ஆறு பேர். டிரைவர் ஸாபிர். தோட்டக்காரர். பஹ்கத்தின் மாமியார், பதவி 'அலை ஆலோசகர்'. கடைசியில் டீ போடும் துல்பா சாச்சா.

அந்த நேரம் பார்த்துத் துல்பா சாச்சாவே தட்டோடு உள்ளே வந்தார்.

"என் பேர்லயும் ஹாஜியம்மாவுல இடம் இருக்காமே பாஷ்முஹந்திஸ்?"

"இருக்கு சாச்சா."

"வேலை எல்லாம் ஒழுங்கா நடக்குதா?"

"இந்த நிலையத்துலயே இன்னிக்கு ரொம்ப உழைக்கிற ஆள் நீங்கதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சாச்சா டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டார். "என் வீட்டுக்காரி கேட்டா நம்பவே மாட்டா. ஒரு கடுதாசியில எழுதிக் குடுங்களேன்."

ஷவ்கி படியேறிப் போய் பஹ்கத்தைப் பார்த்தார். பஹ்கத்துக்குக் குரலும் பெரிது, மேசையும் பெரிது. தமியாத்தில் மரவேலை மலிவு என்பதால் மேசையை வருடத்துக்கு வருடம் பெரிதாக்கிக்கொண்டே போனவர்.

"டாக்டர், உங்க மாமியாருக்கு எதுக்கு அக்கவுண்ட்?"

"ஏன், அவங்க மனுஷி இல்லையா? ஆளுக்கு ஒரு பங்குன்னு விதி போட்டது யாரு? நீதானே? விதிப்படிதான் நடந்திருக்கேன்."

"அவங்களுக்கு எழுபத்தொன்பது வயசு, டாக்டர்."

"அதனால என்ன? பெரியவங்களுக்குக் கொஞ்சம் கூடவே குடுக்கணும்."

ஷவ்கி இறங்கி வந்தார். ஆளை நம்பி ஆகாது, துறையைத்தான் நம்ப வேண்டும் என்று முடிவு செய்தார். இயக்க முறைமையில் அதற்கும் வழி இருக்கிறது. வேலைகளைக் குழு குழுவாகக் கட்டிவிடலாம். முதலில் குழுவுக்குக் குழு சமமாகப் பங்கு, பிறகு அந்தப் பங்கைக் குழுவுக்குள் இருப்பவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டியது. நிலையத்தில் நாலு துறை. துறைக்கு நாலு மூளை. பஹ்கத் ஊரையே கூட்டிக்கொண்டு வந்தாலும் நாலு மூளைக்கு மேல் தொட முடியாது. புதன்கிழமை இயக்குநர் டாக்டர் ஸுஹைர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அதைச் செய்தும் முடித்தார்.

"நூத்து முப்பத்திரண்டு" என்றாள் விதாத்.

"அது எப்படி?"

"எங்க துறையில இருபத்திரண்டு பேரு, பாஷ்முஹந்திஸ். துறைக்குப் பங்கு வருதுன்னதும் எல்லாரும் வேலையைப் போட்டுட்டாங்க. நாலு மூளையை இருபத்திரண்டு பேர் பிச்சுக்கிறோம். மீன் துறையில ரெண்டே பேரு. அவங்களுக்கும் நாலு மூளை. மீனுக்குப் பொறந்திருக்கலாம் நான்."

ஷவ்கிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மீன் துறையின் பங்கைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வியாழக்கிழமை தபால் வந்தது. கடல்மட்டத் துறை இன்று முதல் மூன்று துறைகளாகப் பிரிகிறது: கிழக்குக் கடல், மேற்குக் கடல், பொதுவான கடல். கீழே கழுகு முத்திரை. அதற்கு அடுத்த உறையில் பயிர்த் துறை பதினொன்றாகப் பிரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு துறை பதினேழு ஆகிவிட்டது. மீன் துறையில் இருந்த இரண்டு பேரும்கூடத் திலேப்பியா பிரிவு, மடவைப் பிரிவு என்று பிரிந்து, இரண்டு பேருமே தலைவர்களாகிவிட்டார்கள். கீழே வேலை செய்ய ஆள்தான் இல்லை. விதாத்தின் நிலத்தடி நீர்த் துறை மட்டும் பிரியவில்லை. அதன் தலைவர் மெக்காவுக்கு உம்ரா போயிருந்தார்.

விதாத்துக்கு இப்போது பதினேழில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கில் இருபத்திரண்டில் ஒரு பங்கு. வியாழனுக்கு நாலு நாள்தான் இருந்தது.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் அவள். "நகராட்சியில தண்ணி பில் எழுதற வேலை காலியா இருக்காம். அண்ணன் சொன்னான்."

"ஒரு நாள் பொறு. இன்னிக்குக் கூட்டத்துல எல்லாருக்கும் புரிய வைக்கிறேன்."

கூட்டத்தில், உம்ரா போனவரைத் தவிர, பதினாறு தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஷவ்கி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பங்கு குறைஞ்சிடுச்சேன்னு யாரும் பயப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்தார். "ஹாஜியம்மா எதையும் வீணாக்க மாட்டா. ஒரு பிரிவு தன் பங்கைப் பயன்படுத்தலேன்னா, அந்த நேரம் பக்கத்துல பசியோட இருக்கிற பிரிவுக்குப் போயிடும். அதனால வேலை இல்லாதவங்க சும்மா இருந்தாலே போதும், வேலை இருக்கிறவங்க பிழைச்சுக்குவாங்க."

இவ்வளவு அழகாகப் பேசிவிட்டோமே என்று அவருக்கே சந்தோஷமாக இருந்தது. அப்போது மடவைப் பிரிவின் தலைவி டாக்டர் நிஅமத் எழுந்தார்.

"இரு, இரு. என் பங்கு எனக்குச் சொல்லாம இன்னொருத்தருக்குப் போகுதா?"

"நீங்க பயன்படுத்தாத நேரத்துல மட்டும்தான், டாக்டர்."

"நான் திரும்பி வந்தா?"

"உடனே எழுந்து இடம் குடுத்துடுவாங்க."

"எழுந்துடுவாங்களா!" நிஅமத் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "எங்க அப்பா அலெக்ஸாண்ட்ரியா வீட்டை ஆறு மாசத்துக்குன்னு வாடகைக்கு விட்டார். அறுபது வருஷம் ஆச்சு. அவங்க பேரனுக்கு இப்ப அதே வீட்டுல கல்யாணம். எனக்குப் பத்திரிகை வெச்சிருக்காங்க. எழுந்துடுவாங்களாம்!"

அறை முழுக்க முணுமுணுப்பு. அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு ஊரில் எழுந்திருக்காத ஒரு குடித்தனக்காரர் இருந்தார்.

"அப்ப என்னதான் பண்றது?" என்றார் பஹ்கத்.

"கார் எடுத்துட்டு வெளிய போகும்போது என்ன பண்றோம்?" என்றார் நிஅமத். "வேற யாரும் அங்க வண்டி நிறுத்தாம இருக்க, வீட்டு வாசல்ல ஒரு நாற்காலியைப் போட்டுட்டுத்தானே போறோம்? இங்கயும் ஒரு நாற்காலியைப் போட்டு வைப்போம்."

நாற்காலி என்றால் என்ன என்று ஷவ்கிக்குப் புரிந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவே இல்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு வெற்று வேலை. ஒன்றுமே செய்யாது. ஆனால் இடத்தை மட்டும் விடாது.

"ஆனா யார் போடுறது?" என்று ஒரு தலைவர் கேட்டார். "எனக்கு மவுஸைப் பிடிச்சாலே கை நடுங்குது."

"அதெல்லாம் ஆள் பிடிச்சுக்கலாம்" என்றார் பஹ்கத், எழுந்துகொண்டே.

ஆள் கிடைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஷவ்கி வந்து பார்த்தபோது ஹாஜியம்மாவின் பதினாறு மூளையும் நூற்றுக்கு நூறு ஓடிக்கொண்டிருந்தன. பட்டியலைத் திறந்தார். நாற்காலி ஒன்று, நாற்காலி இரண்டு, நாற்காலி முந்நூறு வரை. பெயரே அப்படித்தான் வைத்திருந்தார்கள், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். பஹ்கத் பெயரில் இருபது, அவர் மாமியார் பெயரில் இருபது, நிஅமத் பெயரில் இருபது. எல்லாம் மும்முரமாக எதையோ எண்ணின. ஒன்றாவது திரையில் ஒரு எழுத்தைக் காட்ட வேண்டுமே! அறையில் இருந்த ஏசி முக்கி முனகியது.

இயக்குநர் ஸுஹைர் அம்மா மட்டும் ஓடோடி வந்து கையைக் குலுக்கினார்.

"நூறு சதவீதம் ஷவ்கி! நிலையம் ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படி யாரும் வேலை பார்த்ததே இல்லை. கெய்ரோவுக்கு எழுதறேன்."

ஷவ்கி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார்.

விதாத்தைத் தேடிப் போனார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களாக அடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் காட்டுகிறது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பாவம், கை விட்டுவிட்டாள் என்று நினைத்தார். ஒவ்வொரு ஊராகத் தலைமுழுகுகிறாள் போல. அவருக்கு மனசே ஆறவில்லை. என் நியாயம்தான் இவளைக் கொன்றது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவர் துணிந்து இறங்கினார். காலையிலேயே உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த அறுபது நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார். பத்து நிமிடத்தில் விதாத் மூச்சிரைக்க ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நாற்காலியை எல்லாம் நீங்களா எடுத்தீங்க?"

"உனக்காகத்தான் மகளே."

"எடுக்காதீங்க பாஷ்முஹந்திஸ். தயவு செஞ்சு எடுக்காதீங்க."

"ஏன்?"

அவள் ஒரு நிமிடம் தடுமாறினாள். "பாவம்... பெரியவங்க. மனசு கஷ்டப்படுவாங்க."

ஷவ்கிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்க்கையையே பாழாக்கியவர்களுக்காகப் பரிந்து பேசுகிறாளே, இப்படியும் ஒரு பெண்ணா! இவளுக்காக எதுவும் செய்யலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

மதியத்துக்குள் அறுபது நாற்காலியும் திரும்பி வந்துவிட்டன, மேலும் பத்தோடு.

புதன்கிழமை காலை ஷவ்கி வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார். "இன்னிக்கு என்னை சஸ்பெண்ட் பண்ணினாலும் பண்ணுவாங்க. மத்தியானத்துக்கு எனக்கும் சேர்த்து மொலோஹியாக் கீரை வை."

அறைக் கதவை உள்ளே தாழ் போட்டார். ஒன்பதே கால் மணிக்கு, ஒன்று விடாமல் அத்தனை நாற்காலியையும் அழித்தார். பதினேழு பிரிவையும் பூட்டினார். விதாத் ஒருத்திக்காகத் தனிக் குழு ஒன்று திறந்து, அவளுடைய நாலு வேலையையும் அதில் வைத்தார். ஹாஜியம்மா முழுசும் இனி அவளுக்குத்தான். இது நியாயம் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வாரமாக நியாயத்தைப் பார்த்தாயிற்று, போதும் என்றிருந்தது.

திரையைப் பார்த்தார். ஆறு நாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதே ஆறு நாள்தான். பதினாறு மூளையும் காலியாக இருக்கின்றன, ஆனால் அவளுடைய வேலை நாலு. நாலு வேலைக்கு நாலு மூளைக்கு மேல் என்ன தேவை? ஊர்ச் சாப்பாட்டையே கொட்டினாலும் நாலு வாய்தான் மெல்லும். அந்த நாலு என்ற விதியைப் போட்டவர் இவர். இப்போது விதியை எடுத்துப் பதினாறாக்கினாலும் ஒன்றரை நாள் ஆகும். கையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

ஷவ்கி நாற்காலியில் சாய்ந்தார். கூடத்தில் அத்தனை தலைவர்களும் கூச்சல் போடுவது கேட்டது. "என் நாற்காலி எங்கே?" என்று பஹ்கத்தின் குரல் மட்டும் தனியாக வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். விதாத்தின் குரல் கேட்டுத் திறந்தார்.

"எல்லாத்தையுமே எடுத்துட்டீங்களா?"

"எல்லாத்தையும்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதே கால்."

அவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஒன்பதே கால்தானே? ஒன்பதுக்கு முன்னாடி இல்லையே?"

"இல்லை. மன்னிச்சுடு மகளே. என்னால முடியல. ஆறு நாள்னு காட்டுது. இன்னும் ஆறு நாள்!"

விதாத் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் குடுக்கட்டும் பாஷ்முஹந்திஸ்" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஷவ்கி தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு கடிதத்தோடு இயக்குநர் அறைக்குப் போனார். 'தவறு முழுவதும் என்னுடையது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறே ஆறு நாள் தவணை கொடுங்கள்' என்று எழுதியிருந்தார். முத்திரை கிடையாது. அதனால் யாராவது படிப்பார்கள் என்று நம்பினார்.

உள்ளே பஹ்கத்தும் நிஅமத்தும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

"அஞ்சு நாளா ஆடாம அசையாம கிடந்த என் நாற்காலியை இவன் தூக்கிட்டான்" என்றார் பஹ்கத்.

"மூணு நாள்தான் டாக்டர்" என்றார் ஷவ்கி.

"மூணு நாள்னா மட்டும் தூக்கலாமா?"

"அது போகட்டும், உட்காருங்க. இன்னிக்கு நல்ல நாள், சண்டை வேண்டாம்" என்றார் ஸுஹைர் அம்மா. "ஷவ்கி, நீயும் வாயை இனிப்பாக்கு." மேசையில் ஒரு பெரிய தட்டு நிறைய மஷப்பக் இருந்தது.

"என்ன விசேஷம், டாக்டர்?"

"உனக்குத் தெரியாதா? விதாத் காலையில பதினோரு மணிக்கே ஆய்வேட்டைக் குடுத்துட்டா. முந்நூறு ஊரும் இருக்கு. ஒரு ஊர்கூடக் குறையல. இப்பதான் முத்திரை வெச்சேன்."

ஷவ்கி கையில் இருந்த கடிதத்தை மடித்தார். இன்னும் மடித்தார். அது தீப்பெட்டி அளவுக்கு ஆகிவிட்டது.

"முந்நூறுமா? என் திரையில இப்பவும் அஞ்சு நாள் பாக்கி காட்டுதே!"

யாரும் அவரைக் கவனிக்கவில்லை. வெளியே விதாத்தின் அத்தைமார்கள் வந்து சேர்ந்து குலவையிட ஆரம்பித்திருந்தார்கள். பஹ்கத் இரண்டு மஷப்பக்கைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, "என் கண்ணு முன்னாடி வளர்ந்த பொண்ணு. நல்ல ஒத்தாசைக்காரி" என்று நிஅமத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷவ்கி கூடத்துக்கு வந்தார். அத்தைமார்களுக்கு நடுவில் விதாத் நின்றிருந்தாள். இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் குனிந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததில் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்துபோனது. ஆனால் மண்டை மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. நாலு வேலை. ஆறு நாள். எப்படி முடிந்தது? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. அவளும் பொய் சொல்லமாட்டாள்.

துல்பா சாச்சா டீத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன பாஷ்முஹந்திஸ், மணவறையில மாப்பிள்ளையைத் தொலைச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமே புரியல சாச்சா. அந்தப் பாழாப்போன நாற்காலிங்க இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சே. நடுவுல இவ கணக்கு எங்கே நடந்துச்சு?"

சாச்சா அவரை ஏற இறங்கப் பார்த்தார். டம்ளரை அவர் கையில் வைத்தார்.

"அடக் கடவுளே, இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? இந்தக் கட்டிடத்துல அத்தனை பேருக்கும் நாற்காலி போட்டுக் குடுத்ததே விதாத் பொண்ணுதான். ஒவ்வொரு நாற்காலியிலயும் உட்கார்ந்து வேலை பார்த்தது அவ கணக்குதான் — என் பேர்ல இருந்ததுல மட்டும் பதினெட்டு ஊர் முடிஞ்சுது!"